முதலில் ஸ்மார்ட் பல்பு வாங்கலாமா?

கேள்வி: சொந்த வீடு, நானும் அம்மாவும்தான். லைட், ஃபேன், கீசர் மூன்றையும் போனிலிருந்து இயக்க ஆசை. சால்டரிங் கொஞ்சம் வரும். நாலு ஸ்மார்ட் பல்பில் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்மார்ட் பல்புக்கு எந்நேரமும் கரண்ட் இருக்க வேண்டும். அம்மா படுக்கப் போகும்போது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டால் முடிந்தது, போனில் ‘ஆஃப்லைன்’ என்றுதான் காட்டும். நானும் பல்பில்தான் காசைக் கரைத்தேன். ஒருநாள் ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் வந்ததும் அணைத்து வைத்திருந்த மூன்று பல்பும் பளீரென்று எரிய, வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. கரண்ட் வந்தால் பழைய நிலைக்கே திரும்புமா என்று கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

உங்களுக்குச் சரிப்படுவது, சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் வைக்கும் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூல், அதாவது போனில் சொன்னால் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவி. சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும், அம்மாவுக்கு எதுவும் மாறியதே தெரியாது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். போர்டில் பிளக் பாயிண்ட்டும் இருந்தால் நியூட்ரல் உள்ளே வந்திருக்கும், வெறும் சுவிட்ச் போர்டு என்றால் சந்தேகம்தான். சால்டரிங் தெரிவது வேறு, 230 வோல்ட் வேறு. மாட்டுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கீசருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். 2000 வாட்ஸ் கீசரே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 3000 என்றால் 13. ‘16 ஆம்பியர்’ என்று போட்டிருப்பதுதான் வேண்டும். ஃபேனை ஆன்-ஆஃப் செய்ய ரிலே போதும், வேகத்தைக் குறைக்க லைட் டிம்மரை மாட்டினால் மோட்டார் முனகும், சூடாகும். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன், அதுவும் டி.வி. மாதிரி ஐ.ஆர். ரிமோட் உள்ளது என்றால் போனில் சொன்னதை ரிமோட் சிக்னலாக அனுப்பும் ஒரு ஐ.ஆர். பிளாஸ்டர் போதும்.

அப்புறம், கம்பெனி சர்வர் வழியாக மட்டுமே ஓடும் சரக்கு வேண்டாம். நெட் போனால் போனில் இயங்காது, அவர்கள் சர்வரை மூடினால் நிரந்தரமாகவே இயங்காது. ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்பது வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் இலவச மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலோ போடலாம், எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓடும். வாங்கப்போகும் மாட்யூல் அதனுடன் நெட் இல்லாமல் பேசுமா என்று முதலில் பாருங்கள்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று வாங்கி உங்கள் அறையில் மாட்டுங்கள். வைஃபையில் சேர மறுத்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில்தான் சேரும், ரௌட்டரில் அதற்குத் தனிப் பெயர் வைத்துப் பாருங்கள்.