லான் அடாப்டர் விவகாரம்: "ஏழு நாள் முடிந்துவிட்டது" என்றால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: அக்கா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஸ்டீம் டெக் (கையில் பிடித்து விளையாடும் கேம் கணினி) வைத்திருக்கிறேன். வீட்டில் வைஃபை விட்டு விட்டு வருவதால் ஆன்லைனில் 1,299 ரூபாய்க்கு கேபிள் வழியாக இணையத்தில் சேர்க்கும் யூஎஸ்பி-சி லான் அடாப்டர் ஒன்று வாங்கினேன். "ஸ்டீம் டெக்கில் வேலை செய்யும், 1000 எம்பிபிஎஸ், சார்ஜும் போட்டுக்கொள்ளலாம்" என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது. வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை, சார்ஜும் ஏறவில்லை. பத்தாவது நாள் கேட்டால், "திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், மேலும் உங்கள் கருவி இந்தியாவில் விற்பனையிலேயே இல்லை" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? அடுத்து எதை வாங்குவது? — வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அந்த விற்பனைப் பக்கத்தை முழுக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்பவர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி. உங்கள் புகார் போன பிறகு அந்த "ஸ்டீம் டெக்" என்ற வார்த்தை அங்கிருந்து காணாமல் போக வாய்ப்பிருக்கிறது, உங்கள் வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஏழு நாள் என்பது கடைக்காரர் போட்ட கணக்கு. நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகள் 2020-இன் 6ஆவது விதி, விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கிறது. ஸ்டீம் டெக் இங்கே விற்பனையில் இல்லை என்பதும் எடுபடாது. நீங்கள் ஸ்டீம் டெக்குக்கு வாரண்டி கேட்கவில்லை, இங்கே பில் போட்டு வாங்கிய அடாப்டரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், அதில் வேலை செய்யும் என்று எழுதியதும் அவர்களே. ஒருவேளை அவர்கள் எதுவும் எழுதாமல், யூஎஸ்பி-சி என்றால் எல்லாவற்றிலும் ஓடும் என்று நீங்களாக நினைத்து வாங்கியிருந்தால், உங்கள் பக்கம் பலம் குறைவு என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

இப்போது ஆதாரம், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 94 என்ற வேகத்தைக் காட்டினால், "உங்கள் ரூட்டர் பழசு, கேபிள் சரியில்லை" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம், பல வீட்டு ரூட்டர்களில் லான் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் வேகம் அந்த அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால் அடாப்டருக்குள் இருக்கும் சிப்பைப் பாருங்கள். ஸ்டீம் டெக்கை டெஸ்க்டாப் மோடுக்கு மாற்றி, கான்சோலை (கட்டளை அடிக்கும் திரை) திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையை அடித்தால் அடாப்டரின் அடையாள எண் வரும். ரியல்டெக் (சிப் தயாரிக்கும் நிறுவனம்) என்று காட்டி, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 8152 என்றால் அது 100 எம்பிபிஎஸ் சிப், எந்தக் கேபிள் போட்டாலும் 1000 வராது. 8153 என்றால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் சிப், அப்போது வேகத்தைப் பற்றிய குறையை விட்டுவிட்டு சார்ஜ் ஏறாததை மட்டும் எழுதுங்கள். திரையையும் அடாப்டரையும் ஒரே வீடியோவில் எடுங்கள். அதே சார்ஜரை நேரடியாகச் செருகினால் ஏறுகிறது, அடாப்டர் வழியாக ஏறவில்லை என்பதையும் அதிலேயே காட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஈரோட்டிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் சரி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரில் போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. 1,299 ரூபாய்க்காக வக்கீல் வைக்க வேண்டாம், நீங்களே நேரில் பேசலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. விலையோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் செலவுத் தொகையும் சேர்த்துக் கேளுங்கள்.

டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள் என்று விற்பவர் சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டம் பகுதி பூட்டியே இருக்கும், அதைத் திறந்து நாமாகப் போடும் டிரைவர் அடுத்த அப்டேட்டில் போய்விடலாம். அதைப் பொருந்தும் பொருள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து வாங்கும்போது ரியல்டெக் 8153 சிப் உள்ளதாகப் பாருங்கள், அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, தனியாகப் போட வேண்டாம். உங்கள் கருவியில் இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி-சி போர்ட், அதன் சார்ஜர் 45 வாட், அடாப்டரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதனால் அடாப்டரின் பிடி (பவர் டெலிவரி) சார்ஜிங் 60 வாட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். பணம் கட்டுவதற்கு முன், "எந்த சிப், எத்தனை வாட், ஸ்டீம் டெக்கில் ஓடுமா" என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பதில் வந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள், மழுப்பினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.