முதலீட்டாளர் மாநாட்டுக்குச் சிறு தொழில் செய்பவர் போவதில் ஏதாவது பயன் உண்டா?

கேட்டிருப்பவர் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். மண்டல முதலீட்டு மாநாடு ஒன்றுக்கு வரச் சொல்லி மாவட்டத் தொழில் மையத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள். வேலையை நிறுத்திவிட்டுப் போகலாமா, ஸ்டால் எடுக்கலாமா, இல்லை இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களின் கல்யாணமா என்பது அவருடைய சந்தேகம்.

போங்கள். ஆனால் ஆர்டர் கையில் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். நாளைக்கு ஆர்டர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மாதிரி மாநாடு நமக்கு உதவும்.

நானும் இதே தொழில்தான், தூத்துக்குடியில். ஷெட், கைப்பிடி, ஏணி, பிளாட்பாரம், மெட்டீரியல் டிராலி இதெல்லாம் செய்கிறோம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டுக்கும் போனேன், 2025 ஆகஸ்ட் 4 அன்று எங்கள் ஊரிலேயே நடந்த மாநாட்டுக்கும் போனேன். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

சென்னைக்குப் போன சமயம் எங்களுக்கு நல்ல சமயமில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. உப்பளக்காரர்கள் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தே போயிற்று. பட்டறைக்காரர்கள் எல்லோரும் வெல்டிங் மெஷினைக் கழற்றி வைண்டிங்கைக் காய வைத்துக்கொண்டிருந்தோம். "இந்த நேரத்துல மாநாடா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை தூத்துக்குடிக்கு வருகிறது, 16,000 கோடி ரூபாய் என்று அந்த வாரம்தான் அறிவித்திருந்தார்கள். சரி, என்னவென்று பார்த்துவிட்டு வருவோம் என்று முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

முதலில் இந்தக் கோடிக் கணக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் 2015-இல் 98 ஒப்பந்தங்கள், 2.42 லட்சம் கோடி. 2019-இல் 304 ஒப்பந்தங்கள், 3 லட்சம் கோடி. ஒவ்வொரு முறையும் தொகை ஏறுகிறது. ஆளுங்கட்சிக்காரர் மேடையில் இதைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் வெள்ளை அறிக்கை கேட்பார், ஆட்சி மாறினால் வசனமும் இடம் மாறும். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். எம்.ஓ.யூ., அதாவது இந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது, இந்த அளவுக்குச் செய்ய நினைக்கிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுப்பது. அதில் பணம் கைமாறுவதில்லை, செய்யாமல் விட்டால் பெரும்பாலும் தண்டமும் இல்லை.

வின்ஃபாஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 16,000 கோடி என்பது 200 கோடி டாலர் 'வரை' என்று சொன்னதன் ரூபாய்க் கணக்கு. முதல் ஐந்தாண்டுக்கு அவர்கள் சொன்னது 50 கோடி டாலர், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பேனரில் இருந்தது முதல் எண், அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் ஜேசிபி இறங்கியது இரண்டாவது எண்ணுக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். நம்மில் பலர் படிக்காமல் விட்டதுதான் விஷயம். இதே திட்டம் வேகத்துக்கும் உதாரணம்: 2024 பிப்ரவரி 25-இல் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-இல் திறப்பு விழா. சுமார் 400 ஏக்கரில், ஆண்டுக்கு 50,000 கார் என்ற கணக்கில் ஆரம்பித்து, 1,50,000 வரை கொண்டுபோகலாம் என்று திட்டம். இவ்வளவு வேகமாக எல்லா எம்.ஓ.யூ.வும் நகராது. அடிக்கல்லோடு நின்ற இடங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

அப்புறம், எந்தத் துறைக்கு எத்தனை கோடி என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பட்டியலிலேயே பெரிய தொகை டாடா பவருடையது, 70,000 கோடிக்கு மேல். சூரிய மின்சாரமும் காற்றாலையும். அதில் நேரடி வேலை சில ஆயிரம் பேருக்குத்தான் என்று அவர்களே சொன்னார்கள். வேலை தேடும் பையனுக்கு அது சின்ன எண். ஆனால் சோலார் பேனல் நிற்க ஸ்ட்ரக்சர் வேண்டும், துருப் பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசும் கால்வனைசிங் வேண்டும், கேபிள் டிரே வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரியில் வேலை இருக்கிறது. அதே மாநாட்டில் ஹூண்டாய் 6,180 கோடி என்றது. கார் கம்பெனிக்குப் பாகம் சப்ளை பண்ண நமக்கு வருடக் கணக்கில் தர ஆவணங்களும் தணிக்கையும் வேண்டும், அது வேறு உலகம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் எனக்கு எங்கே இரும்பு வெட்டுகிற வேலை இருக்கிறது' என்று மட்டும் தேடுங்கள்.

நந்தம்பாக்கத்தில் என்ன நடந்தது என்றால், பெரும்பாலும் நடந்தேன். அரங்கம் அரங்கமாக. முதலமைச்சர் வரும் முதல் அமர்வுக்குச் சீக்கிரமே போய் உட்கார வேண்டியிருந்தது. மேடையில் கோப்பு மாற்றிப் படம் எடுப்பதைப் பார்ப்பதில் நமக்கு ஒன்றுமில்லை, அதை வீட்டில் டிவியில் இதைவிட நன்றாகப் பார்க்கலாம். கருத்தரங்குகளும் அப்படித்தான். ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம், 2030 இலக்கு, தொழில் 4.0 என்று பேசுவார்கள். பேசுபவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நான் ஒரு ஏணிகூட விற்க முடியாது.

கண்காட்சி அரங்கு வேறு. அங்கே சிப்காட், சிறு தொழில்களுக்கான சிட்கோ, தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், வங்கிகள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் ஒரு விவரம் கேட்க நாலு முறை அலைய வேண்டிய அலுவலகத்தின் ஆள், அன்றைக்கு உங்களுக்காகவே சட்டையில் பேட்ஜ் குத்தி நிற்கிறார். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம், உச்ச வரம்பு 75 லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய மெஷின் வாங்கினால் செல்லுமா, வாடகைக் கட்டடத்தில் ஆரம்பிக்கலாமா என்பது போன்ற அடுத்த கட்டக் கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். முதல் நாள் காலையில் போகாதீர்கள், கூட்டம் நெரியும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

ஆனால் எனக்குச் சென்னையைவிடத் தூத்துக்குடி மாநாடுதான் உருப்படியாக இருந்தது. 41 ஒப்பந்தங்கள், 32,554 கோடி, 49,845 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஓசூர், கோவை, மதுரையிலும் இதே மாதிரி வைத்தார்கள். கோவையில் ஒப்பந்தங்கள் மட்டும் 158, தொகை 43,844 கோடி. வகுத்துப் பார்த்தால் அங்கே ஒரு ஒப்பந்தத்துக்குச் சராசரி 280 கோடிக்குக் கொஞ்சம் கீழே, எங்கள் ஊரில் 790 கோடிக்குப் பக்கம். கோவையில் சின்னதும் நடுத்தரமுமாக நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் துறைமுகத்தை நம்பிப் பெரிய ஆட்கள் கொஞ்சப் பேர் வருகிறார்கள். பட்டறைக்காரனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஒரே பெரிய ஆலையைச் சுற்றிப் பிழைப்பது எப்படி முடியும் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்த பிறகு அந்த ஆலையை மூடினார்கள். ஆலை வேண்டும், வேண்டாம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஒரு வாசலை மட்டும் நம்பி ஆள் வைத்திருந்த பட்டறைகள் மறு மாதமே ஆளைக் குறைத்தன, அதைக் கண்ணால் பார்த்தோம்.

ஊரில் நடக்கும் மாநாட்டின் நன்மை, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஆட்கள் அங்கே வருவதுதான். பெரிய கம்பெனியின் எம்.டி. நம்மிடம் ஏணி வாங்க மாட்டார். அவர் கட்டுமானத்தை ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பார், அந்த ஒப்பந்ததாரர் ஷெட் வேலையை இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் கைப்பிடியையும் பிளாட்பாரத்தையும் வெளியே தள்ளிவிடுவார். அந்த மூன்றாவது ஆள்தான் நம் ஆள். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஷூவைப் பாருங்கள். மேலே கோட்டு, டை எல்லாம் இருக்கும், கீழே செம்மண் அப்பிய சேஃப்டி ஷூ இருக்கும். சைட்டிலிருந்து நேரே வந்தவர். மதியச் சாப்பாட்டு வரிசையில் அப்படி ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். நாகர்கோவில்காரர், ஷெட் வேலை மேற்பார்வை. கார்டை நீட்டினேன், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், பார்க்கவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"எத்தனை வெல்டர் வச்சிருக்கீங்க அண்ணாச்சி? டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் இருக்கா?"

"ஆறு பேர். நாலு பேருக்கு இருக்கு."

"மாசம் எத்தனை டன் இறக்குவீங்க? பெயின்ட் உங்க சைடா, எங்க சைடா?"

அதற்குப் பதில் டக்கென்று வந்ததால்தான் அவர் நம்பர் கொடுத்தார். பளபள அட்டையில் அச்சடித்த கம்பெனி ப்ரொஃபைலை யாரும் புரட்டவில்லை. ஒரே ஒரு தாள் போதும்: என்னென்ன மெஷின், கிரேன் எத்தனை டன், வெல்டர் எத்தனை பேர், மாதக் கொள்ளளவு, இதுவரை வேலை செய்து கொடுத்த இடங்கள், உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எண், ஜிஎஸ்டி எண். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற மாதிரி போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றால் அவர் மறந்துவிடுவார். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கூப்பிடுங்கள். எனக்கு வேலை வந்தது தீபாவளி கழிந்துதான், அதுவும் முதலில் வந்தது ஒரு சின்னப் படிக்கட்டு.

இப்படி மூன்றாம் கைக்குக் கீழே வேலை செய்வதில் பெரிய தொல்லை பணம். மேலே இருப்பவர் தரவில்லை, அதனால் நானும் தரவில்லை என்பார்கள். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, எழுத்தில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 15 நாள்தான். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, பணத்தை எப்போது கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். அதனால் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே நமக்காக அவரை நச்சரிப்பார். சிலர் இதற்குப் பயந்து, உத்யம் பதிவு இல்லாத பட்டறையாகப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள் என்றும் கேள்வி. அப்படிப்பட்டவரிடம் நான் முன்பணம் இல்லாமல் இரும்பை வெட்டுவதில்லை.

ஸ்டால் விஷயம். தனியாக எடுக்காதீர்கள். வாடகை, பேனர், நாள் முழுக்க நிற்க ஒரு ஆள் என்று செலவு கூடிக்கொண்டே போகும், நீங்களும் ஸ்டாலை விட்டு நகர முடியாது. நம் வேலையே நடந்து திரிந்து ஆளைப் பிடிப்பதுதான். உங்கள் பகுதிப் பட்டறைக்காரர்கள் சங்கம் கூட்டாக எடுத்தால் பங்கு போட்டுக்கொண்டு சேருங்கள். அதிலும் ஏற்கெனவே செய்த வேலையின் ஒரு துண்டைக் கொண்டுபோய் வையுங்கள், வெல்டு வைத்த ஒரு மூலையாக இருந்தாலும் சரி. எங்கள் சங்கத்தின் ஸ்டாலில் வந்தவர்கள் எல்லாம் பேனரை விட்டுவிட்டு அதைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்பேட்டர் (வெல்டு வைக்கும்போது தெறித்து ஒட்டும் துளிகள்) சரியாக எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ரேட் என்னவென்றும் கேட்டுவிட்டுப் போனார்.