ரோஜர்ஸ் கேட்டது எதிரொலியை அன்று

வணக்கம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் முறை என்று கற்றபடி, ஆலோசனைக்கு வந்தவரின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொன்னபோது, "நான் சொன்னதையே எதற்குச் சொல்கிறீர்கள்?" என்று அவர் சினந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சினம் நியாயமானதே. பிழை ரோஜர்ஸிடம் இல்லை, அவரைச் சுருக்கிக் கற்பிக்கும் வழக்கத்தில் இருக்கிறது.

ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளோடு 12 ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், அடங்காத ஒரு சிறுவனின் தாயிடம், மகனை அவர் ஒதுக்குவதே சிக்கலின் வேர் என்று ரோஜர்ஸ் பலமுறை பொறுமையாக விளக்கிப் பார்த்தார், பலனில்லை. இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பின், கதவுவரை சென்ற அந்தத் தாய் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்க்கையின் துயரத்தையெல்லாம் கொட்டினார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்கே தெரியும் என்ற ரோஜர்ஸின் உறுதி இத்தகைய அனுபவங்களில் வேர்விட்டது. (இந்த நிகழ்ச்சியை எத்தனை முறை படித்தாலும் அந்தக் கதவருகில் என் மனம் நின்றுவிடுகிறது.)

உளச்சிகிச்சையில் மாற்றம் நிகழத் தேவையானவை பற்றிய தம் 1957 கட்டுரையில் ரோஜர்ஸ் வலியுறுத்திய உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு ஆகியவை மனப்பாங்குகள், உத்திகள் அல்ல. உணர்வைப் பிரதிபலிப்பதாகத் தம் பணியைக் குறுக்குவதை அவர் முதுமையிலும் மறுத்தார். தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று வந்தவரிடமே சரிபார்ப்பதாகவே அதை விளக்கினார். ஆகவே, அடுத்த அமர்வில் வந்தவருடைய சொற்களை விட்டுவிட்டு, உங்களுக்கு விளங்கியதை உங்கள் சொற்களில், தயக்கத்தோடு, திருத்துவதற்கு இடம்விட்டுக் கேளுங்கள்.