மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை எப்படிப் பழக்குவது?

நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மூன்று வயது மகன் யாருக்கும் எதையும் கொடுக்க மறுக்கிறான், இது கெட்ட குணமா என்று. இல்லை. ‘என்னுடையது’ என்பது பிடிபடும் வயது அது.

கையிலிருப்பதைப் பிடுங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அதில் அவன் கற்பது பிடுங்குவதைத்தான். வீட்டில் மட்டி வாழைக்குலை பழுத்தால், ஒரு சீப்பை அவன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். எந்த வீட்டு ஆச்சிக்கு என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். வாசல் தாண்டுமுன் ஒரு பழம் குறைந்திருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

கனடாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டம் வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது அதிகம் மகிழ்ந்தனர். தங்கள் பங்கிலிருந்து கொடுத்தபோது இன்னும் கூடுதலாக. ஆகவே ‘கொடுத்தால் மிட்டாய்’ என்ற பேரம் தேவையில்லை, கெடுதலும்கூட. உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்ததை 2008இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமித்தோப்பில் உள்ள அய்யா வைகுண்டர் பதிக்கு (கோயிலுக்கு) அழைத்துச் செல்லுங்கள். வேறுபாடின்றி எல்லோரும் சேர்ந்து உண்பது 19ஆம் நூற்றாண்டிலேயே சமூகச் சீர்திருத்தவாதியான வைகுண்டர் வலியுறுத்திய வழக்கம். பார்க்கட்டும். திரும்பும் வழியில் பஸ்ஸில் பாடம் நடத்தாதீர்கள்; அவனாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.