எல்லா செலக்டிலும் நோலாக் போடச் சொல்கிறார் சீனியர், போடலாமா?

கேள்வி: "புதிதாக டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலையில் சேர்ந்திருக்கிறேன். சாயங்கால கான்ஃபரன்ஸ் காலில் அமெரிக்க டீம் பாதி நேரம் பனியையும் குளிரையும் பற்றிப் பேசுகிறது. மீதி நேரத்தில் எங்கள் சீனியர், 'எந்த செலக்ட் எழுதினாலும் நோலாக் போடு, லாக்கே விழாது' என்கிறார். இன்னொருவர் ப்ரொடக்‌ஷனில் நேரடியாக அப்டேட் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்கிறார். இவர்கள் சொல்வதைக் கேட்கலாமா?"

கேட்க வேண்டாம். பதில் இவ்வளவுதான், அவசரம் என்றால் இங்கேயே போய்விடலாம். எனக்கு இந்த நோலாக்கோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது, அதனால் இது கொஞ்சம் நீளும். தெரியாதவர்களுக்கு: செலக்ட் என்பது டேட்டாபேஸிலிருந்து படிக்கும் கட்டளை; ஒருவர் மாற்றிக்கொண்டிருப்பதில் இன்னொருவர் குறுக்கிடாமல் இருக்க டேட்டாபேஸ் போடும் பூட்டுதான் லாக்; அந்தப் பூட்டுக்குக் காத்திருக்காமல் படி என்று சொல்வது நோலாக்.

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் இடம் எனக்குத் தெரிகிறது. ஒரு சர்வீஸ் கம்பெனி, மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர், மதியம் தொடங்கும் ஷிஃப்ட். சீனியர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். எப்போதோ ஒரு ரிப்போர்ட் ஓடும்போது ஆர்டர் ஸ்க்ரீன் தொங்கியிருக்கும், யாரோ நோலாக் போட்டிருப்பார்கள், தொங்கல் நின்றிருக்கும். அதன் பிறகு எந்த குவெரியைப் பார்த்தாலும் திருநீறு மாதிரி அதைப் பூசிவிடுவது. நான் பார்த்த டீம்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

2019 ஜனவரி 30, புதன்கிழமை. நான் அப்போது ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட். க்ளையன்ட் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில், கார் உதிரிபாகம் விற்கும் கம்பெனி. துருவச் சுழல் என்று செய்தியில் சொன்னார்களே, அந்த வாரம். அன்று காலை அங்கே மைனஸ் 28. காலில் அதைக் கேட்ட எங்கள் பையன் ஒருவன் "பரவாயில்லையே, லடாக்கில் லே மாதிரிதான்" என்றான். அவர்கள் சொன்னது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 33. காற்றையும் சேர்த்தால் உடம்புக்குத் தெரியும் குளிர் ஃபாரன்ஹீட்டில் மைனஸ் 50க்கும் கீழே. மின்னசோட்டா முழுக்கத் தபால் விநியோகத்தையே அன்று நிறுத்திவிட்டார்கள்.

வழக்கம்போல ஒவ்வொருவரும் வீட்டு வாசலில் எத்தனை டிகிரி, யார் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வெறும் அரட்டை இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அந்தக் குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடும். வண்டி கிளம்பக் கூடுதல் கரன்ட் வேண்டும், பேட்டரியிலிருந்து வருவதோ குறைவு. ஊரில் பாதி வண்டி கிளம்பவில்லை என்றால் எல்லோரும் பேட்டரி தேடி வருவது எங்கள் க்ளையன்டிடம். ஆர்டர் டேபிளில் இன்சர்ட், அதாவது புது வரிசைகள், கொட்டுகிறது. ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்டாக் மாற்றும் பேட்ச் நிரல் நிற்காமல் ஓடுகிறது.

விற்பனைப் பிரிவு பார்க்கும் ஸ்டாக் ரிப்போர்ட்டில், ஒரு கிளையில் பேட்டரி நிறைய இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி வொர்க்‌ஷாப்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குளிரில் ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றால் அலமாரி காலி. கொஞ்ச நேரம் கழித்து அதே ரிப்போர்ட்டை ஓட்டினால் வேறு எண், மறுபடி ஓட்டினால் இன்னொரு எண். உடனே எங்கள் மேனேஜர், "டேட்டாபேஸ் கரப்ட் ஆகிவிட்டது, டிபிஏ என்ன செய்கிறார்?" டேட்டாபேஸ் சேதமாகியிருக்கிறதா என்று சோதிக்கும் செக்டிபி ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

நடந்தது இதுதான். ஸ்டாக் மாற்றும் பேட்ச் பெரிய டிரான்ஸாக்‌ஷன். 'அ' கிடங்கில் கழிக்கும், 'ஆ' கிடங்கில் கூட்டும், கடைசியில் ஒரு சரிபார்ப்பு, அதில் தேறினால் கமிட், அதாவது மாற்றம் நிலைத்துவிடும், தவறினால் எல்லாம் ரோல்பேக், அதாவது பழையபடி ஆகிவிடும். அன்று பல பேட்ச் அந்தச் சரிபார்ப்பில் தவறியது. ரிப்போர்ட்டில் நோலாக் இருந்ததால், கமிட் ஆகாத வரவையும் அது இருப்பாகக் காட்டியது. அதாவது கணக்கில் எப்போதுமே இல்லாத பேட்டரி. போதாக்குறைக்கு 'அ'வைக் கழிப்பதற்கு முன்பும் 'ஆ'வைக் கூட்டிய பின்பும் படித்தால் அதே பேட்டரி இரண்டு இடத்திலும் எண்ணப்படும்.

அந்த ரிப்போர்ட்டில் நோலாக் எப்படி வந்தது? சில மாதங்களுக்கு முன்னால் 'பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்' என்று ஒருவர் எல்லா ஸ்டோர்ட் ப்ரொசீஜரிலும் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த நிரல்கள்) ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டுச் சேர்த்தார். அவருக்குப் பாராட்டு மெயில் போனது, மேலிடத்தைக் காப்பியில் வைத்து. வேண்டாம் என்று நான் எழுதிய மெயிலும் அதே இழையில் கீழே இருந்தது. யாரும் அதுவரை ஸ்க்ரோல் செய்யவில்லை. அன்று இரவு அதைத் தோண்டி எடுத்து மறுபடி அனுப்பினேன். சின்னத்தனம் என்பீர்கள், இருக்கட்டும்.

மேனேஜருக்குப் புரிய வைக்க இரண்டு விண்டோ போதுமாக இருந்தது. முதல் விண்டோவில் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கும் பிகின் டிரான் போட்டு ஒரு வரிசையில் அளவை 500 என்று அப்டேட் செய்தேன், கமிட் இல்லை. இரண்டாவதில் நோலாக்குடன் செலக்ட், 500 வந்தது. பிறகு முதல் விண்டோவில் ரோல்பேக். "இப்போது அந்த 500 எங்கே சார்?" என்றேன். பதில் வரவில்லை. அப்புறம் கரப்ஷன் பேச்சும் வரவில்லை.

உங்கள் சீனியர் சொல்லும் 'லாக்கே விழாது' என்பதும் சரியில்லை. நோலாக் என்பது ரீட் அன்கமிட்டட், அதாவது கமிட் ஆகாததையும் படிப்பது, அவ்வளவுதான். டேபிளின் அமைப்பு மாறாமல் இருக்க ஸ்கீமா லாக் ஒன்றை அதுவும் எடுக்கும். டேபிளைப் பூட்டிவிட்டு இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ஆஃப்லைன் இண்டெக்ஸ் ரீபில்ட் ஓடினால் நோலாக் போட்ட செலக்டும் காத்துத்தான் கிடக்கும். பெரிய ஸ்கேன் நடுவே, வரிசைகளை வைத்திருக்கும் பேஜ் இரண்டாகப் பிளந்தால் ஒரு வரிசையை இரண்டு முறை படிக்கலாம், படிக்காமலும் தாண்டிப் போகலாம். சில நேரம் 601 பிழையோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால் அந்த 601 வருவது நல்லது. தப்பான எண்ணை அமைதியாகக் கொடுப்பதைவிட மேல்.

இங்கே ஒருவர் வந்து, "கமிட் ஆனதை மட்டும் படிக்கும் சாதாரண ரீட் கமிட்டடிலும் இரட்டை எண்ணிக்கை வருமே" என்பார். வரும், தெரியும். அதனால்தான் நோலாக்கை எடுத்ததோடு நாங்கள் நிற்கவில்லை. ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்டை இயக்கினோம். 2005 பதிப்பிலிருந்தே எஸ்க்யூஎல் சர்வரில் இருப்பது, மைக்ரோசாஃப்ட் க்ளவுடில் உள்ள அஷூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தானாகவே இயங்கி வருவது. செலக்ட் தொடங்கிய நொடியில் கமிட் ஆகியிருந்ததை மட்டும் காட்டும், எழுதுகிறவரைத் தடுக்காது. இலவசம் இல்லை: மாறிய வரிசைகளின் பழைய நகல்கள் டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் சேரும், மாற்றப்படும் வரிசைகளுக்கு 14 பைட் கூடும், கமிட் இல்லாமல் நீளும் ஒரு டிரான்ஸாக்‌ஷன் டெம்ப்டிபியை ஊத வைக்கும். லாக்கை நம்பி எழுதிய ட்ரிக்கர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்) இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு டேட்டாபேஸ் ஆட்களுக்கு இந்தச் சண்டையே சிரிப்பாக இருக்கும். போஸ்ட்கிரெஸில் ரீட் அன்கமிட்டட் என்று கேட்டாலும் ரீட் கமிட்டட்தான் கிடைக்கும்.

"நீ மட்டும் போட்டதே இல்லையா?" போடுவேன். நடுராத்திரி ஒரு லோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க நோலாக்தான். அந்த எண்ணை வைத்து யாரும் பேட்டரி விற்கப் போவதில்லை.

குளிர் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. அதே நாள் மின்னசோட்டாவில் எரிவாயு போதாமல், அங்கே எரிவாயு கொடுக்கும் எக்ஸெல் எனர்ஜி தன் வாடிக்கையாளர்களை வீட்டு ஹீட்டரை 63 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைக்கச் சொன்னது. செல்சியஸில் 17. அந்த நெருக்கடி நிலைமையில் அவர்கள் வீட்டுக்குள் இருந்த குளிர்தான் எங்கள் ஓஎம்ஆர் அலுவலகத்தில் வருஷம் முழுக்க இருந்தது! சென்னையில் தை மாதம், வெளியே டீக்கடையில் சட்டையைத் தளர்த்திக்கொண்டு நிற்கிறோம். உள்ளே வந்தால் ஸ்வெட்டர், மஃப்ளர், பெண்கள் கழுத்துவரை சால்வை. ஏசியைக் குறைக்கச் சொன்னால் ஃபெசிலிட்டியில் டிக்கெட் போடச் சொல்வார்கள். காலை ஒன்பதுக்கு வரும் ஆள் அதைப் பார்த்து, "இப்போது சரியாக இருக்கிறதே" என்று மூடிவிடுவார். இரவு ஷிஃப்டில் ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது. மினியாபொலிஸ்காரர் காலில் குளிர் கதை சொல்லும்போது நாங்களும் நடுங்கிக்கொண்டுதான் கேட்டோம், யாரும் எங்களைக் கேட்கவில்லை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் எங்கள் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப்போவதையும் யாரும் கேட்டதில்லை. சரி, அதை விடுங்கள்.

ப்ரொடக்‌ஷனில் நேரடியாக அப்டேட் ஓட்டுகிறவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்க்யூஎல் சர்வருக்குக் குவெரி எழுதும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் எந்த வரிகளைத் தேர்வு செய்கிறோமோ அவை மட்டும் ஓடும். எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்லும் வேர் (WHERE) வரி தேர்வில் விடுபட்டால் முழு டேபிளும் மாறும். முதலில் அதே வேரோடு செலக்ட், பிறகு பிகின் டிரான், எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட். கமிட்டை மறந்து டீ குடிக்கப் போகாமல் இருந்தால் சரி, போனால் அத்தனை பேரும் உங்கள் லாக்குக்காகக் காத்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் க்ளையன்டில் வேரில் கீ இல்லாத அப்டேட்டை மறுக்கும் ஒரு வசதி உண்டு, சேஃப் அப்டேட்ஸ். அதற்கு அவர்களே வைத்த இன்னொரு பெயர் 'ஐ ஆம் எ டம்மி'. பெருமை பேசுகிறவருக்கு அதைப் பரிந்துரையுங்கள்.

சீனியரிடம் வாதம் வேண்டாம். டெஸ்ட் டேட்டாபேஸில் அந்த இரண்டு விண்டோ சோதனையைச் செய்து அவரிடம் தனியாகக் காட்டுங்கள். காலில், எல்லோர் முன்னாலும் வேண்டாம். உங்கள் அப்ரைசலை எழுதப் போகிறவர் அவர்தானே.