கொரோனா வருஷத்துப் பாக்கிக்காக டிசியை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று டிசி கேட்டால், 2020-21இல், அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, கட்டாமல் விட்ட 14,600 ரூபாயைக் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன். பையனுக்கு ஒரு வருஷம் வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பையனோடு அரசுப் பள்ளிக்குப் போங்கள். டிசி பின்னால் வரட்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு, டிசி வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. டிசியை இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்றும் அதிலேயே இருக்கிறது. நடவடிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை, அது வேறு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் டிசி என்பது கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டது.

2021 ஜூனில் நான் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர். வேலை போனவர்கள், தறி நின்றவர்கள் எல்லாம் பிள்ளைகளை எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரசீது ஒன்றை எடுத்து வைத்தார். அதில் ‘டேர்ம் பீஸ் ரூ. 6,000’ என்று மட்டும் இருந்தது. எந்த ஆண்டு, எந்த டேர்ம், ஒன்றும் இல்லை. அவர் பிள்ளை படித்த தனியார் பள்ளி அதைப் பழைய ஆண்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, கொரோனா ஆண்டு முழுவதையும் பாக்கி என்றது. வீட்டில் தேடி உங்கள் ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். ஆண்டு எழுதாத ரசீது இருந்தால், பணம் கொடுத்த தேதிக்கான பேங்க் பாஸ்புக் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 14,600. உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் இடைக்கால உத்தரவில் அனுமதித்தது, 2019-20 கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காடு ஆகஸ்ட் 31க்குள், இன்னும் 35 விழுக்காடு பள்ளி திறந்த இரண்டு மாதத்துக்குள், ஆக 75. ஒன்று முதல் எட்டு வரை திறந்ததே 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். (85 விழுக்காடு என்று யாராவது சொன்னால் அது 2021-22க்கான கணக்கு.) அடிப்படைத் தொகை எது என்றால், தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு வகுப்புவாரியாக நிர்ணயித்த தொகை. ஆபீஸ் ரூமில் ஒட்டியிருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓடாத வேனுக்கும் திறக்காத ஸ்மார்ட் கிளாஸுக்கும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதித் தொகை காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் உண்மையாகவே பாக்கி என்றாலும் அது சாதாரணக் கடன். டிசிக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு. கொரோனாவுக்காக 2022 பிப்ரவரி 28 வரை உச்ச நீதிமன்றம் இந்தக் கெடுவில் சேர்க்காமல் விலக்கிய காலத்தைக் கழித்தாலும் அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதனால்தான் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “சும்மா ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க சார், டிசி உடனே தர்றோம்” என்பார்கள். எழுதாதீர்கள். ‘பாக்கியைத் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் செத்த கடனுக்கும் உயிர் வந்துவிடும். தேதி போடாத செக்கும் அப்படித்தான். கொரோனா நேரத்தில் எத்தனை பேர் இப்படி எழுதிக் கொடுத்து மாட்டினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த ஆபத்து பிரவுசிங் சென்டரில் இருக்கிறது. “எமிஸ்ல நான் ரிலீஸ் பண்ணித் தர்றேன், மூவாயிரம் ஆகும்” என்று ஒருவர் வருவார். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு. அதிலிருந்து பையனைப் பழைய பள்ளிதான், பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலான ‘காமன் பூலு’க்கு விடுவிக்க வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வெளியாள் செய்யும் வேலையே அல்ல. ஓடிபியைச் சொல்லாதீர்கள். அவரே அச்சடித்துத் தரும் டிசியையும் வாங்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மாட்டும். விடுவிக்காதவரை பையன் புதுப் பள்ளி பெஞ்சில் இருப்பான், கம்ப்யூட்டரில் பழைய பள்ளியில் இருப்பான். ஒரு பொத்தானை அழுத்த மூன்று அலுவலகங்கள் ஏற வைக்கிறோம்; வெட்கக்கேடு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறாம் வகுப்பு என்றதுமே எனக்கு அதுதான் கண்முன் வருகிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. சம்பளம் அரசு கொடுக்கிறது, சீருடை இலவசம், எல்லாமே அரசுப் பள்ளி மாதிரிதான் தெரியும், ஆனாலும் சேராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் சேரும். தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்தும் தகுதி உண்டு, ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், அதுவும் ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால். உங்கள் பையன் கட்டணம் கட்டிப் படித்தவன். ஆறாம் வகுப்பைத் தவறவிட்டால் பிறகு சேர்த்துப் பயனில்லை. பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

சேர்த்த அன்றே பழைய பள்ளிக்கு டிசி கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் அதன் நகலை வைத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு. தனியார் பள்ளிகளுக்கென்றே தனி அலுவலர் இருக்கிறார், தொடக்கக் கல்வி அறையில் போய் நிற்காதீர்கள். உங்கள் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். “வெச்சுட்டுப் போங்க, பாக்கறோம்” என்றால் அங்கேயே உட்காருங்கள்.