டர்க்காய்ஸ் பச்சையாக மாறினால் போலியா?

கேள்வி: லடாக்கின் லே கடைத்தெருவில் வாங்கிய வெள்ளி மோதிரத்தில் டர்க்காய்ஸ் கல் வான நீலமாக இருந்தது. தினமும் போட்டிருந்தேன், மூன்றே வருடத்தில் பாசி நிறமாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா? பழைய நிறம் திரும்புமா?

பதில்: கடைக்காரரை அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். நிறம் மாறியது பெரும்பாலும் கல்லுக்குச் சாதகமான சாட்சிதான். பிரோசா என்றும் சொல்லப்படும் இது, தாமிரமும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட் கல்; உள்ளே நீரும் உண்டு. தாமிரத்தால் நீலம், இரும்பு கூடினால் பச்சை. நுண்துளைகள் உள்ள கல் என்பதால் தேங்காய் எண்ணெய், வியர்வை, சென்ட் எல்லாவற்றையும் மெல்ல உறிஞ்சி நிறம் மாறும். பிளாஸ்டிக் போலி இப்படி உறிஞ்சாது. அதற்காக, நீலமாகவே இருப்பதெல்லாம் போலி என்றும் அர்த்தமில்லை. பிசின் ஏற்றிய அசல் கற்களும் எளிதில் மாறுவதில்லை.

சந்தேகம் தீரவில்லையா? சந்தையில் அதிகம் புழங்கும் போலிகளில் ஒன்று, சாயம் ஏற்றிய ஹவ்லைட் என்னும் வேறொரு கல். அது உள்ளே வெள்ளை. கல்லின் ஓரச் சில்லையோ, மணியாக இருந்தால் துளையின் உட்புறத்தையோ லென்ஸில் பாருங்கள்; நீலம் தோலோடு நின்றிருந்தால் தெரிந்துவிடும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். சூடு அசல் கல்லையே கெடுத்துவிடும்.

பச்சையைக் குறையாக நினைப்பதும் ஊருக்கு ஊர் மாறும். ஈரானின் நிஷாபூர் சுரங்கக் கல்லில் கோடில்லாத வான நீலத்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ, ஸூனி பழங்குடியினரின் நகைகளில் கருங்கோடு வலை பின்னிய கல்லும் விரும்பப்படுகிறது. நீங்கள் வாங்கிய லடாக்கிலோ, பெண்கள் தலையில் அணியும் ‘பெரக்’கைப் பாருங்கள். நெற்றியிலிருந்து முதுகுவரை இறங்கும் தோல் பட்டையில் வரிசை வரிசையாக டர்க்காய்ஸ் தைத்திருப்பார்கள். நீலமும் பச்சையும் கலந்தே இருக்கும். தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும் சொத்து அது.

பழைய நீலம் திரும்புமா என்றால், நம்பிக்கை வைக்காதீர்கள். பாலிஷ் போட்டால் மேல்தோல் தேயும். எண்ணெய் அதற்கும் ஆழமாக இறங்கியிருக்கலாம். நானாக இருந்தால் பச்சையாகவே போட்டுக்கொள்வேன்.

இனியாவது குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். சென்ட் அடித்து, அது காய்ந்தபின் மோதிரம் போடுங்கள். வெள்ளி கறுத்தால் புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கல்லில் படக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றினால் போதும். கடையில் ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.